பத்தொன்பது வீடுகளில் ஓர் ஆடு

நல்லமுத்து நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இனிமேல் வரப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் அவரைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது.

ஜார்ஜ் டவுனில் ஒரு கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஏர்கோனுக்கு நேர் கீழே, பினாங்கு வெயிலிலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு தாண்டிவிட்டது. ஓய்வுபெறப் பதினான்கு மாதம் பாக்கி. இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் மலாய்மொழி ஆசிரியராக இருந்து, கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு அலுவலக வேலைக்கு வந்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களின் கோப்பை யார் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தபோது நல்லமுத்து கழிவறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கோப்பு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சபித்திருப்பார்கள். நல்லமுத்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். மலேசியாவில் எல்லாப் பிள்ளைகளும் ஆரம்பப் பள்ளிக்குப் போயாக வேண்டும். வீட்டில் கற்பிக்க ஆசைப்படுகிற பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். விலக்கு வாங்கியவர்கள் உண்மையிலேயே கற்பிக்கிறார்களா, இல்லை பிள்ளையைச் சும்மா வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்களா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும் இல்லையா? அந்த யாராவதுதான் நல்லமுத்து. அவர் கோப்பில் பத்தொன்பது குடும்பங்கள். ஒரு வீட்டில் பிள்ளை சதுரங்கம் ஆட ஊர் ஊராகப் போகிறான். இன்னொரு வீட்டில் தகப்பனாருக்குப் பள்ளிக்கூடப் பையின் எடை பிடிக்கவில்லை. இப்படி வீட்டுக்கு ஒரு காரணம்.

"நாலு சுவத்துக்குள்ள ஒரு பிள்ளைக்கு என்ன நடக்குதுன்னு வெளிய இருந்து போய்ப் பாக்குற ஒரே ஆளு நான்தான் மோகனா" என்று மனைவியிடம் அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

"நம்ம வீட்டு நாலு சுவத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரு வந்து பாக்குறதாம்? சிங்க் பைப்பு ஒழுகுதுன்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு" என்பார் மோகனா.

நல்லமுத்துவின் சோதனை முறை கடிகாரம் போன்றது. ஒரு வாரத்துக்கு முன்பே வாட்ஸாப்பில் தேதியும் நேரமும் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. போனதும் கால அட்டவணையைப் பார்ப்பார். இரண்டு பெருக்கல் கணக்குக் கொடுப்பார். யார் எதை நீட்டினாலும் வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பார். கடைசியாக, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஒரு தாளை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டி, மலாயில் வாசிக்கச் சொல்லுவார்.

இந்தத் தாளில்தான் விஷயம் இருக்கிறது. அதில் இருப்பது பாக் சலீம் என்ற கிழவரின் ஆட்டைப் பற்றிய கதை. ஆடு வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு வெண்டைச் செடிகளை மேய்ந்துவிடுகிறது. சண்டை வருகிறது. பாக் சலீம் ஒரு குவளை ஆட்டுப்பாலோடு போய் மன்னிப்புக் கேட்கிறார். இருவரும் நண்பர்களாகிறார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டுச் சொற்கள். எழுதியவர் நல்லமுத்து.

அவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே கதை அதுதான். இளவயதில் பத்திரிகைகளுக்கு அனுப்பியவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்தக் கோப்பு கைக்கு வந்த வாரத்தில், வாசிப்புச் சோதனைக்கு ஒரு பகுதி வேண்டுமே என்று உட்கார்ந்து எழுதியவர், ஆடு வேலி தாண்டும் இடத்தில் தானே கைதட்டிக்கொண்டார். அதன் பிறகு ஆறு ஆண்டுகளாக, பத்தொன்பது வீடுகளிலும், எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே தாளைத்தான் வாசித்தார்கள். கேட்டால், எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் நியாயம் என்பார். நியாயம் பாதி, ஆசை பாதி. பிள்ளை வாசிக்கத் தொடங்கியதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்வார். மலாய் உச்சரிப்பைக் காதால்தான் எடைபோட வேண்டும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மேலதிகாரிகள் முன்னால் கூனிக் குறுகி நிற்கும் ஒரு மனிதர் மாதத்துக்கு ஐந்தாறு முறை எழுத்தாளராக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் விஷயம் பிள்ளைகளைப் பற்றியதாயிற்றே.

பத்தொன்பது வீட்டுப் பிள்ளைகளும் 'மிகச் சரளமாக' வாசித்தார்கள். அறிக்கைகள் அப்படித்தான் போயின. மேலிடத்துக்கு ஆச்சரியம். வேறெங்கும் இப்படி இல்லையாம். பத்து பெரிங்கி என்ற ஊரில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நடக்கப்போகும் கருத்தரங்கில், மற்ற ஊர் அதிகாரிகளுக்கு நல்லமுத்து தம் முறையை விளக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் தயாரித்தார். முப்பதாவது ஸ்லைடில் ஆட்டின் படம் இருந்தது.

கருத்தரங்குக்கு எட்டு நாள் இருக்கும்போது அதிராவின் வீட்டுக்குப் போகும் முறை வந்தது.

ஜெலுத்தோங்கில் பதினொன்றாம் மாடி வீடு. அதிராவுக்குப் பத்து வயது. அத்தா சாஹித் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார், தினமும் மோட்டோவில் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். அம்மா ஃபஸீலா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். அதிரா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலே வகுப்பு சிரிக்குமாம். காலையில் பள்ளி வேனைப் பார்த்ததும் பிள்ளை வாந்தி எடுக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபஸீலா வேலையை விட்டார், பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் கற்பிக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டு விலக்கு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பதா, பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கே அனுப்புவதா என்பது நல்லமுத்துவின் அறிக்கையில்தான் இருந்தது.

அன்று காலை அவருக்கு ஒரே அவசரம். ஆட்டுத்தாளின் ஓரம் கிழிந்திருந்ததால் நகல் எடுக்கப் போனார். இயந்திரத்தில் தாள் தீர்ந்திருந்தது. நேரமாகிவிட்டதே என்று பிளாஸ்டிக் உறையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதிரா வழக்கம்போல இரு கைகளாலும் உறையை வாங்கினாள். நல்லமுத்து சாய்ந்தார், கண்களை மூடினார்.

"பாடா சுவாத்து ஹாரி..." என்று தொடங்கினாள். ஒருநாள் என்று அர்த்தம். ஆடு வந்தது. வேலி வந்தது. ஆடு வேலி தாண்டும் இடத்தில் குரல் எழும்பியது, பாக் சலீம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் தழைந்தது. ஒரு முறை பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தார். பிள்ளை வரிக்கு வரி விரலை நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் ஃபஸீலா கைகளைப் பிசைந்தபடி நின்றிருந்தார். அடக்கமான பெண்மணி என்று நல்லமுத்து நினைத்துக்கொண்டார். இத்தனை பிள்ளைகளில் இவள் வாசிப்பதுதான் உயிரோடு இருக்கிறது என்று முடிவுகட்டி, அறிக்கையில் 'மிக மிகச் சரளம்' என்று எழுதினார். இரண்டாவது 'மிக'வை அதற்கு முன் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

அலுவலகத்துக்கு வந்து ஸ்வெட்டரை மாட்டும்போது கிளார்க் சலேஹா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சார், உங்க ஆட்ட மெஷின்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க."

"எப்ப?"

"காலைலயே லா. நான்தான் எடுத்து பத்திரமா வச்சிருந்தேன்."

"இருக்காது சலேஹா. இப்பத்தான் அந்தப் பிள்ள இத வாசிச்சிச்சு, நான் கேட்டுட்டு வரேன்."

நல்லமுத்து பையைத் திறந்து உறையை எடுத்தார். தாள் மடங்காமல் இருக்க ஆட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தாளைச் சொருகி வைத்திருந்தார். ஆடு இல்லாததால் இப்போது அதுதான் முன்னால் இருந்தது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிர்வாகம் மலாயில் கொடுத்த அறிவிப்பு. 'பி' பகுதி லிஃப்ட் பழுதுபார்க்கப்படுவதால் மூன்று நாள்களுக்கு இயங்காது, குடியிருப்பாளர்கள் படிகளைப் பயன்படுத்தவும், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

லிஃப்ட் அறிவிப்பில் விரல் வைத்து ஆட்டுக்கதை வாசித்திருக்கிறாள் பிள்ளை.

நல்லமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு பதைப்பு வந்தது. மற்ற வீடுகள்? சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் எண்ணைத் தேடினார். இரண்டு மகன்களை வீட்டில் படிக்க வைப்பவர், கலகலப்பானவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"சீனி முகம்மது, உண்மையச் சொல்லுங்க. உங்க பசங்களுக்கு என் ஆட்டுக்கதை மனப்பாடமா?"

மறுமுனையில் அவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். "பசங்களுக்கா? சார், எங்க ஃபாத்தினுக்கே மனப்பாடம். நாலு வயசு. உங்க ஃபைல்லயே அவ இல்ல. அம்மாடி, இங்க வா, சாருக்கு சொல்லு."

ஃபாத்தின் சொன்னாள். ஆடு வேலி தாண்டும்போது மே என்று கத்தவும் செய்தாள். அது மூலத்தில் இல்லாதது.

"எப்படிங்க?" என்றார் நல்லமுத்து.

"பேரண்ட்ஸ் குரூப் ஒண்ணு இருக்கு சார். புதுசா யாராச்சும் சேந்தா முதல்ல ஆட்டத்தான் அனுப்புவோம். நீங்க வர்ற நாளுக்கு முந்தின நாளு 'ஆடு வருது'ன்னு மெசேஜ் போட்டுருவோம். தப்பா எடுத்துக்காதீங்க சார். பசங்க நெசமாவே நல்லா படிக்கிறானுங்க. நீங்க ஆசையா கேக்குறீங்களேன்னுதான் எல்லாரும் அத சொல்ல வச்சிட்டோம்."

ஆறு ஆண்டுகளாகப் பத்தொன்பது குடும்பங்களும் அவரை ஆட்டு சார் என்றுதான் அழைத்துவந்தன என்பதையும், கேட்காமலேயே, சீனி முகம்மது சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அதிராவின் அறிக்கை மேசையில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டால் முடிந்தது. விலக்கு நீளும், அம்மாவுக்கு நிம்மதி, பிள்ளைக்கு வாந்தி இல்லை, நாற்பத்திரண்டு ஸ்லைடும் பிழைத்துக்கொள்ளும். உண்மையை எழுதினால் பத்து வயதில் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று ஆகும், விலக்கை ரத்து செய்துவிடுவார்கள், அவளைப் பார்த்துச் சிரித்த அதே வகுப்புக்கு அவள் திரும்ப வேண்டும். எழுதாவிட்டாலோ பன்னிரண்டு வயதிலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது, பதினைந்திலும் தெரியாது. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் எடுத்ததைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில் மோகனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மே என்ற கத்தல் வரை ஒன்றையும் விடவில்லை. மோகனா சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தார், சிரித்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். மோகனா சிரிக்கவில்லை. ரசத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்த வீட்டுக்குப் பிள்ளையப் பாக்கப் போனீங்களா, கதை கேக்கப் போனீங்களா?"

நல்லமுத்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் மனைவி கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறார். இதில் நழுவ முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆறு ஆண்டில் முதல் தடவையாக, வாட்ஸாப் அனுப்பாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஃபஸீலா வீட்டு உடையில், தலைத்துணியை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது. "சார், நேத்துதானே வந்தீங்க" என்றார். உள்ளே வரவேற்பறைத் தரையில் அதிரா ஒரு பெரிய அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஹென்ட்ஃபோனில் ஃபஸீலாவின் பதிவு செய்த குரல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.

"என்ன வரையிற?" என்று நல்லமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் முறுக்கிக்கொண்டது.

"கன்டெய்னர் கப்பல், அங்கிள். எது அடில போகணும், எது மேல போகணும்னு. கனமானதெல்லாம் அடில. ஆனா எல்லாத்தையும் ஒரே பக்கம் வச்சா கப்பல் சாஞ்சிடும். அம்மா சொன்னாங்க, முதல்ல எறக்குறத மேல வைக்கணும்னு. பட்டர்வர்த்ல எறக்குறது அடில மாட்டிக்கிட்டா சூசா, ரொம்ப கஷ்டம்."

அவள் அட்டையில் கப்பலின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம் இருந்தது. எந்த நிறம் எந்தத் துறைமுகம் என்று கேட்டதற்குத் தடங்கல் இல்லாமல் பதினோரு ஊர் பெயர் சொன்னாள். அட்டையில் ஓர் எழுத்துக்கூட இல்லை என்பதை நல்லமுத்து அப்போதுதான் பார்த்தார். இதற்கு முன் நான்கு முறை இதே வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்தப் பிள்ளையிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை, அவள் வாயால் தம் கதையைக் கேட்டதைத் தவிர. அந்த நினைப்பு அவரைச் சுட்டது.

"ஃபஸீலாம்மா, இப்படி உக்காருங்க" என்றார். "நேத்து நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பிள்ளைகிட்ட வேற தாளக் குடுத்துட்டேன். ஆட்டுக்கதை ஆபீஸ்லயே இருந்துச்சு. நான் குடுத்தது எங்க ஃப்ளாட்டு லிஃப்ட் நோட்டீஸ்."

சொன்னது முதலில் புரிந்தது அதிராவுக்குத்தான். கையிலிருந்த நிறப் பென்சிலைக் கீழே வைத்தாள். அழவில்லை. பெரியவர்கள் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளும்போது நிமிர்ந்து உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அங்கிள். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா ஒரு தடவ வாசிச்சிக் காட்டுவாங்க, நான் மனசுல வச்சிக்குவேன். எழுத்தப் பாத்தா எனக்கு எல்லாம் ஒண்ணாதான் தெரியுது. அம்மா எனக்காக வேலைய விட்டுட்டாங்க. நான் வாசிக்கிறேன்னு நெனச்சிக்கிட்டு சந்தோஷமா இருக்காங்க."

"தெரியும்மா" என்றார் ஃபஸீலா.

அதிரா திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்றர வருஷமா தெரியும். நீ பக்கத்தத் திருப்ப மறந்துட்டு மேல சொல்லிக்கிட்டே போன அன்னிக்கே தெரியும்."

அதற்கு மேல் ஃபஸீலாவால் மகளைப் பார்த்துப் பேச முடியவில்லை. நல்லமுத்துவின் பக்கம் திரும்பினார். அடக்கமான பெண்மணி என்று அவர் நினைத்திருந்தவரின் கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி நாலு நாள் எனக்குத் தூக்கம் இருக்காது சார். இந்தத் தடவ மாட்டிக்குவோம், பிள்ளைய இழுத்துட்டுப் போயி அந்த வகுப்புலயே போட்டுருவாங்கன்னு பயம். அதே சமயம், மாட்டிக்கிட்டா நல்லாருக்குமேன்னும் நெனப்பேன். எனக்கு யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. யாருகிட்டயாவது வாயத் தொறந்தா விலக்கு போயிடும். வெளில இருந்து வந்து பாக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான். ஒரே ஒரு தடவ வேற தாளக் குடுத்திருந்தீங்கன்னா... நீங்க கண்ண மூடிக் கேட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டீங்க. ரெண்டு வருஷம் சார். என் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் போச்சு."

நல்லமுத்துவிடம் இருந்தது எல்லாம் விளக்கங்கள், எல்லாருக்கும் ஒரே அளவுகோல், காதால் எடைபோடுவது, மரியாதை. ஒன்றையும் வாயில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "ஆமாம்மா, என் தப்புதான்" என்றார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஐம்பத்தெட்டு வயது அதிகாரி தரையில் உட்கார்ந்து அழுவது முறையல்ல என்று கடைசி வரை அடக்கிக்கொண்டார். அதிரா எழுந்து போய் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஃபஸீலா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்தது ஒரே விஷயத்தைத்தான்.

அன்று பிற்பகல் பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை. நினைவாற்றலும் கேள்வி ஞானமும் வயதுக்கு மீறி இருக்கின்றன. தாய் கற்பிக்கிறார், பொய்யில்லை. வாசிப்புக் குறைபாட்டை நிபுணர் சோதிக்க வேண்டும். அதுவரை பள்ளிக்குத் திருப்பி அனுப்பினால் பிள்ளை நொறுங்கிவிடும். அதற்குக் கீழே, படிவத்தில் இடமே இல்லாத இடத்தில், இன்னொரு பத்தி எழுதினார். இந்தக் குறையை இரண்டு ஆண்டுகளாகக் கண்டுபிடிக்காமல் விட்டவர் சோதனை அதிகாரி. ஆறு ஆண்டுகளாக எல்லா வீட்டிலும் ஒரே தாளையே கொடுத்துவந்ததால் அவருடைய முந்தைய 'மிகச் சரளம்' ஒன்றையும் நம்ப வேண்டாம். கையெழுத்து, நல்லமுத்து.

மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கத்தினார். கதவு மூடியிருந்தும் சலேஹாவின் மேசை வரை கேட்டது. கருத்தரங்கில் பேச வேறொருவர் போனார். அங்கே என்ன பேசினார்களோ தெரியாது, ஆட்டின் படம் மட்டும் காட்டப்படவில்லை. பதினெட்டு வீடுகளுக்கும் சொல்லாமல் போய் மறுபடி சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதிராவுக்கு ஆறு மாத விலக்கு, நிபந்தனையோடு: வாசிப்புக் குறைபாட்டுக்குப் பயிற்சி தரும் ஆசிரியரிடம் வாரம் இருமுறை போக வேண்டும். டிஸ்லெக்சியா என்று சோதனையில் தெரிந்தது. பெயர் தெரிந்த அன்று ஃபஸீலா போன் செய்தார். "சோம்பேறி, மக்குன்னு ஸ்கூல்ல சொன்னதுக்கு எல்லாம் பேரு இதுதானாம் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பதினெட்டு வீடுகளுக்கும் அவர் போய்வந்தார். வீட்டுக்கு ஒரு புதுத் தாள். கதவைத் திறந்தவர்கள் திகைத்தார்கள், ஒரு வீட்டில் தகப்பனார் கைலியோடு ஓடி ஒளிந்தார். பதினாறு வீடுகளில் பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள். இரண்டு வீடுகளில் தடுமாறினார்கள், அவர்களுக்கும் உதவி ஏற்பாடானது. சீனி முகம்மதுவின் மூத்த மகன் புதுத் தாளை மடமடவென்று வாசித்துவிட்டு, "சார், ஆட்ட விட இது நல்லாருக்கு" என்றான். நல்லமுத்து தலையாட்டினார். உள்ளுக்குள் எங்கோ குத்தியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மோகனாவிடம் மட்டும் சொன்னார். மோகனா இந்த முறை சிரித்தார்.

ஆறு மாதம் முடியும் வாரத்தில் ஜெலுத்தோங்குக்குப் போனார். முந்தின நாளே மோகனாவிடம், நூலகத்திலிருந்து ஏதாவது ஒரு மலாய்க் கதைப்புத்தகம் எடுத்துத் தரச் சொல்லி, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

அதிரா மேசையில் உட்கார்ந்தாள். பயிற்சி ஆசிரியர் கொடுத்த அட்டைத் துண்டை வரிக்கு மேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திறந்தாள். முதல் சொல்லை முடிக்க இரண்டு முறை உடைத்துச் சேர்த்தாள். அடுத்ததில் தவறு செய்தாள், தானே பிடித்துத் திருத்தினாள். அடுக்களையில் ஃபஸீலா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார். நல்லமுத்து நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து, பிள்ளையின் உதடுகளையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீனவன், கடல், ஒரு காலை. வலை கனக்கிறது. அவன் இழுக்கிறான். இன்னும் கனக்கிறது. நான்கு வரிகளுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

பக்கத்தின் அடியில் நின்று தலையைத் தூக்கினாள். இத்தனை நாளும் கதையின் முடிவு வரை முன்பே தெரிந்து வைத்திருந்த பிள்ளை அவள்.

"அங்கிள், வலைக்குள்ள என்ன இருக்கு?"

"எனக்கும் தெரியாதும்மா. நான் இன்னும் வாசிக்கல."

அதிரா அவரை நம்பாமல் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பக்கத்தைத் திருப்பினாள்.